பூவரசமரத்தடி உறுப்பினர்

அளந்துகொள்ளுங்கள், தம்பி. ஆனால் நான் எழுந்திருக்க மாட்டேன். உள்ளே மன்றக் கூட்டம் நடக்கும்போது இந்தப் பெஞ்சை விட்டு நான் எழுந்ததில்லை. என்னைச் சுற்றி நாடாவைப் பிடித்துக்கொள்ளுங்கள். கால் இடைஞ்சலாக இருந்தால் சொல்லுங்கள், உள்ளே இழுத்துக்கொள்கிறேன்.

வெல்டிங் பட்டறை எங்கே, சந்தை விலக்கிலா? அப்படியானால் நீங்கள் வெளியூர்தான். உள்ளூர்க்காரராக இருந்தால், பூவரச மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் ஓர் அம்மாளுக்காகப் பேரூராட்சி எதற்குத் தகரக் கூரை போடுகிறது என்று கேட்டிருக்க மாட்டீர்கள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் நாடாவை விரித்திருக்கவும் மாட்டீர்கள். அது இருக்கட்டும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடுவது என் வழக்கமில்லை.

நான் மங்கையர்க்கரசி, எம்.ஏ., எம்.எட். அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்தித் தலைமையாசிரியையாக ஓய்வுபெற்றவள். இந்த ஆவரைவிளைப் பேரூராட்சியின் ஏழாவது வார்டு உறுப்பினர். அதோ, ஜன்னல் கம்பி வழியாகப் பாருங்கள். இரண்டாவது வரிசையில் காலியாகத் தெரிகிறதே, அது என் நாற்காலி. அதன்மேல் இருக்கும் பிளாஸ்க்கையும் மிக்சர் பொட்டலத்தையும் பொருட்படுத்தாதீர்கள். வைக்க வேறு இடமில்லாமல் வைத்திருக்கிறார்கள். ஏழு மாதமாக அதில் ஒருவரும் உட்காரத் துணியவில்லை என்பதை மட்டும் கவனியுங்கள்.

ஒவ்வொரு மாதமும் முறை இதுதான். கூட்டம் தொடங்குமுன் உள்ளே போவேன். வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுவேன். மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால் பதவி போய்விடும் என்பது சட்டம். சட்டம் தெரியாமல் கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு, நான் அந்த வகையில் சேர்ந்தவளல்ல. கையெழுத்திட்டபின், நின்றபடியே, ஒரு பக்க அளவில் எழுதிவந்த கண்டனத்தை வாசிப்பேன். வாசித்துவிட்டு வெளியே வந்து இங்கே அமர்வேன். முதல் மாதம் மன்றமே உறைந்துபோயிற்று. இப்போது நான் தொண்டையைக் கனைத்ததுமே சுயம்பு, அவன்தான் அலுவலக உதவியாளன், எழுந்துபோய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொள்கிறான். செயல் அலுவலர் மின்விசிறியை நிறுத்தச் சொல்கிறார், என் தாள் பறக்காமல் இருக்க. இவையெல்லாம் மரியாதை. கேட்டு வாங்கிய மரியாதை அல்ல.

வெளியே வந்தபின் வீட்டுக்குப் போய்விடலாமே என்று நினைப்பீர்கள். போக முடியாது. கூட்டம் முடியுமுன் நான் போய்விட்டால், வந்ததும் போனதுமாகக் கையெழுத்துக்காக வருகிறாள் என்பார்கள். உள்ளேயும் இருக்க முடியாது, அது வேறு காரணம், சொல்கிறேன். ஆகவே இங்கே இருக்கிறேன். எல்லாம் காதில் விழும். தண்ணீர்க் குழாய், தெருவிளக்கு, நாய் பிடிக்கும் வண்டி, விவாதத்துக்கு எடுக்கும் அத்தனை பொருளும் எனக்குத் தெரியும். கருத்துச் சொல்லத்தான் வழியில்லை.

அந்தக் கொடிக்கம்பத்தில் ஈரப் பெயிண்ட், சாயாதீர்கள்.

எங்கள் மன்றத்தில் வெளிநடப்புக்கு ஒரு முறை உண்டு. ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்து போனால், துணைத் தலைவர் ஐயாக்கண்ணு பின்னாலேயே வருவார். கைகூப்பிக்கொண்டு, "வாங்க, நம்ம வீட்டுச் சண்டை, அடுத்தவன் பாத்தா சிரிப்பான்" என்பார். போனவர் இரண்டு முறை மறுப்பார். மூன்றாவது முறை உள்ளே வருவார். அதுவரை எந்தப் பொருளையும் எடுக்க மாட்டார்கள், டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். எட்டாவது வார்டுக்காரர் மாதம் தவறாமல் வெளிநடப்பு செய்வார். அவருக்குச் சர்க்கரை வியாதி, அடிக்கடி வெளியே போய்வர வேண்டியிருக்கிறது என்று உறுப்பினர்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரிப்பார்கள். அவரையும் ஐயாக்கண்ணு கைகூப்பித்தான் அழைத்துவருவார். மன்றத்தின் மரபு அது.

நானும் அந்த மரபை நம்பித்தான் அன்றைக்கு எழுந்தேன்.

என் வார்டில், ஓடைக்கரையில், ஓர் அங்கன்வாடி இருக்கிறது. நான் உறுப்பினராக வரும்வரை அது ஒரு மாட்டுத் தொழுவத்தின் முன்பகுதியில் நடந்துகொண்டிருந்தது. நான் மனுமேல் மனு கொடுத்து, அலுவலகம் அலுவலகமாக ஏறி, புதுக் கட்டடம் கட்டவைத்தேன். சுவரில் யானையும் மயிலும் வரையச் சொன்னது நான். திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு வந்தது. தலைவர் பெயர், துணைத் தலைவர் பெயர், அடுத்து வார்டு உறுப்பினர் பெயர், முறை அதுதானே? அந்தக் கல்லில் எனக்கு மேலே மூன்றாவது வார்டு வேதமாணிக்கத்தின் பெயர். சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறவர். கட்டடம் கட்டும்போது இரண்டு நாள் மோட்டார் கொடுத்தாராம். அவருக்குக் கீழே நான். பட்டம் இல்லை. 'திருமதி மங்கையர்க்கரசி', அவ்வளவுதான், பார்சலில் விலாசம் எழுதுகிறமாதிரி.

அடுத்த மன்றக் கூட்டத்தில் கேட்டேன். தலைவர் தங்கத்துரை சொன்னார்:

"டீச்சர், கல்லு செதுக்கியாச்சு. அடுத்த கட்டடத்துக்கு உங்க பேர மொதல்ல போட்டுருவோம்."

வேதமாணிக்கம் இருந்த இடத்திலிருந்தே, "வேணும்னா எம்பேர அழிச்சிரச் சொல்லுங்க டீச்சர், எனக்குக் கல்லுல பேரு இருந்து என்ன ஆகப்போகுது?" என்றார்.

உறுப்பினர்கள் சிரித்தார்கள். என் படிப்பை அவர் தன் மோட்டாருக்குச் சமமாக வைத்துப் பேசியது உங்களுக்குப் புரிகிறதல்லவா? எழுந்தேன். வெளியே வந்தேன். இந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஐயாக்கண்ணு வருவார், இரண்டு முறை மறுப்பது, மூன்றாவது முறை கல்வெட்டு மாற்றப்படும் என்ற உறுதியோடு உள்ளே போவது என்று முடிவு செய்துகொண்டேன்.

ஐயாக்கண்ணு வரவில்லை. அவர் தங்கை பேத்திக்குக் காதுகுத்து. அன்றைக்கு அவர் கூட்டத்துக்கே வரவில்லை. நான் அதைக் கவனிக்கவில்லை என்று சொல்கிறார்கள். ஒவ்வோர் உறுப்பினரையும் எண்ணிப் பார்த்துவிட்டா ஒருவர் வெளிநடப்பு செய்வார்? அழைக்க வேண்டியவர் இல்லையென்றால் அடுத்தவர் வரவேண்டும். ஒவ்வொருவரும் மற்றவர் போவார் என்று இருந்திருக்கிறார்கள். டீ குடித்து முடித்தார்கள். அடுத்த பொருளை எடுத்தார்கள்.

அந்தப் பொருள் குப்பைக் கிடங்கு. ஊர்க் குப்பை முழுவதையும் கொட்டிப் பிரிப்பதற்கு ஓர் இடம். ஓர் ஆண்டுக்கும் மேலாக ஒவ்வொரு வார்டாகக் கேட்டு, ஒவ்வொரு வார்டு உறுப்பினரும் எழுந்து எதிர்த்து, ஒத்திவைத்துக்கொண்டே வந்த விஷயம். அன்றைக்கு அங்கன்வாடிச் சுவரை ஒட்டிய ஓடைப் புறம்போக்கை வாசித்தார்கள். "ஏழாவது வார்டு உறுப்பினருக்கு ஆட்சேபம் உண்டா?" என்று தங்கத்துரை கேட்டார். காலி நாற்காலி என்ன சொல்லும்? "ஆட்சேபம் இல்லை. ஒருமனதாக நிறைவேற்றப்படுகிறது."

கேட்டேன் தம்பி. இந்த ஜன்னல் வழியாக ஒவ்வொரு சொல்லையும் கேட்டேன். ஒரு குரல் கொடுத்திருக்கலாமே என்று ஊரில் இன்றைக்கும் கேட்கிறார்கள். வெளிநடப்பு செய்தவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே கத்துவதா? சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கேட்கிறமாதிரியா? அழைத்திருந்தால் உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் அந்தப் பொருளைப் பொடியாக்கியிருப்பேன். அழைக்கவில்லை. தவறு யாருடையது என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கூட்டத்தில் நான் என் நிலையை எழுத்தில் வாசித்தேன். "இத்தீர்மானம் ரத்து செய்யப்படும்வரை இம்மன்றத்தின் இருக்கையில் அமரமாட்டேன், எப்பொருளின் மீதும் வாக்களிக்கமாட்டேன், இது என் வார்டு மக்கள்மீது ஆணை." மொழி எப்படி இருக்கிறது? வாசித்து முடித்ததும் இரண்டு பேர் கைதட்டினார்கள். ஐயாக்கண்ணு ஓடிவந்தார், கைகூப்பினார், மூன்று முறை அல்ல, ஐந்து முறை அழைத்தார். ஆணையிட்டபின் அழைத்து என்ன பயன்?

தங்கத்துரை மட்டும் எழுந்திருக்கவில்லை. "டீச்சர் ஒண்ணு சொன்னா சொன்னதுதான். வெளியே வெயில்ல நிக்க வேண்டாம். சுயம்பு, மரத்தடியில கெடக்க அந்தப் பழைய பெஞ்ச நல்லாத் தொடச்சு விடு" என்றார்.

அவருக்குத் தெரியும். அவர் என் மாணவன். ஒன்பதாம் வகுப்பில் நான் நடத்திக்கொண்டிருக்கும்போது சிரித்தான். வகுப்புக்கு முன்னால் மன்னிப்புக் கேள், இல்லையென்றால் வெளியே நில் என்றேன். கேட்கவில்லை. ஒரு பருவம் முழுக்க வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பாடம் கேட்டான். அவன் தாய் வந்து அழுதாள், தலைமையாசிரியர் சொல்லிப் பார்த்தார். நான் இறங்கவில்லை. இன்றைக்குத் தலைவராக உட்கார்ந்திருக்கிறான் என்றால், சொன்ன சொல் என்றால் என்ன என்பதை அன்றைக்கு அந்த வராந்தாவில்தான் அவன் கற்றுக்கொண்டான். அவனே ஒருமுறை மேடையில் சொல்லியிருக்கிறான், "டீச்சர்கிட்ட படிச்சத நான் மறக்கவே இல்ல" என்று.

பேச்சு எங்கேயோ போகிறது. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், உயரம் எட்டடி போதும்.

கிடங்கு வந்தது. காலையில் வண்டிகள் வரும், மதியம் நாய்கள் வரும், நாள் முழுக்க ஈ. பிரிப்பதற்கு ஆள் போடுவதாகச் சொன்னார்கள். கொட்டுவதற்கு மட்டும்தான் ஆள் வந்தது. என் வீடு வார்டின் முதல் தெருவில், மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிறது. காற்று திரும்பினால் எனக்கும் வாடை வரும். ஜன்னலை அடைத்துவிடுவேன். அங்கன்வாடியில் குழந்தைகள் குறைந்தன. சத்துமாவைக் கிண்டிக்கொண்டிருக்கும்போதே அதில் ஈ விழுகிறது என்று தாய்மார்கள் சொன்னார்கள். நான் எல்லாவற்றையும் கண்டன உரையில் சேர்த்தேன். ஈயைப் பற்றி மட்டும் ஒரு முழுப் பத்தி எழுதினேன். செயல் அலுவலரே, "நல்லா எழுதியிருக்கீங்க மேடம்" என்றார்.

ஓடைத்தெரு முத்துசெல்வியை உங்களுக்குத் தெரிந்திருக்காது. கணவன் கேரளாவில் கொத்தனார். இவள் பீடி சுற்றுகிறாள். ஒரே மகள், அபிநயா, மூன்று வயது. அந்தக் குழந்தைக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும் அளவுக்குப் போயிற்று. நான் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். என்னைப் பார்த்ததும் நலம் விசாரிப்பாள் என்று பார்த்தால், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்காரியிடம் பேசுவதுபோல, "உள்ள இருந்து பேசுறதுக்குத்தான் ஓட்டுப் போட்டோம். வெளிய ஒக்காரதுக்கு நாங்களே போதாதா?" என்றாள். நோய்ப் பிள்ளையை வைத்துக்கொண்டிருப்பவள், அதனால் நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஆரஞ்சை வைத்துவிட்டு வந்தேன்.

அதன்பிறகு வார்டில் சிலர் வணக்கம் சொல்வதில்லை. எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. கடைக்குப் பின்தெரு வழியாகப் போய்வருவது நடைக்கும் நல்லது.

போன மாதம்தான் இந்தக் கூரை விவகாரம் வந்தது. அதைச் சொன்னால் நீங்கள் கேட்டதற்குப் பதில் முடிந்துவிடும்.

குழந்தை ஆஸ்பத்திரியில் கிடந்த சேதி பரவியதும், வேதமாணிக்கம் கிளம்பினார். அவர் வார்டில் குப்பையும் இல்லை, ஈயும் இல்லை. ஆனாலும் உறுப்பினர் வீடு வீடாகப் போயிருக்கிறார். கிடங்கை ஊருக்கு வெளியே, மூடிக்கிடக்கும் கல்குவாரிப் பக்கம் மாற்ற வேண்டும், பழைய தீர்மானத்தை ரத்து செய்ய வேண்டும் என்று ஒரு பொருளைக் கொண்டுவந்துவிட்டார். தங்கத்துரைக்கு அதில் விருப்பமில்லை. குவாரிக்குப் பாதை போட வேண்டும், செலவு, அது இது என்றார். மன்றம் இரண்டாகப் பிரிந்தது. நாங்கள் மொத்தம் பதினைந்து பேர். என்னை விட்டால் பதினான்கு. வேதமாணிக்கத்தின் பக்கம் ஏழு, தலைவரோடு சேர்ந்து அந்தப் பக்கம் ஏழு. சமமாக வந்தால் தலைவருக்கு இன்னொரு வாக்கு உண்டு. கணக்கு எனக்கும் தெரியும் தம்பி. என் கை தூக்கினால் கிடங்கு போகும். தூக்காவிட்டால் இருக்கும்.

அன்றைக்கும் உள்ளே போனேன், கையெழுத்திட்டேன், கண்டனம் வாசித்தேன், இங்கே வந்து உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் வேதமாணிக்கம் வெளியே வந்தார். துணைத் தலைவர் வந்திருக்க வேண்டும், இவர் வந்தார். கைகூப்பவில்லை. வேட்டியை மடித்துக் கட்டியபடியே என் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"டீச்சர், அடுத்த பொருள் நம்ம பொருள்தான். உள்ள வாங்க."

"என் நிலையை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். தீர்மானம் ரத்தானபின் வருவேன்."

"ரத்து ஆகணும்னா நீங்க வரணும். நீங்க வரணும்னா ரத்து ஆகணும்கீய. நான் எந்தப் பக்கமாக் கதவத் தொறக்க?"

"அது மன்றம் யோசிக்க வேண்டியது."

"மன்றத்துல ஏழு பேரு யோசிச்சாச்சு. ஒரு கை கொறையுது. இந்தக் கை." என் கையைச் சுட்டிக் காட்டினார். "அந்தக் கல்லுதானே டீச்சர்? நாளைக்கே நானே உளி கொண்டாந்து எம்பேரக் கொத்தி எடுத்துருதேன்."

"நான் கல்லைப் பற்றிப் பேசவில்லை. ஆணையைப் பற்றிப் பேசுகிறேன்" என்றேன். உண்மையும் அதுதான்.

அப்போது வெளிவாசல் அருகே நின்றிருந்த முத்துசெல்வி வந்தாள். இடுப்பில் குழந்தை. அதன் புறங்கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி இன்னும் ஒட்டியிருந்தது. அவள் வாதாடவில்லை.

"டீச்சர், ஆணை எங்க மேலதானே வச்சீய? அந்த வார்டுதானே நான்? நான் சொல்லுதேன். எடுத்துக்கிட்டேன். போய்க் கையத் தூக்குங்க."

"ஆணை என்பது அப்படி எடுத்துக்கொள்வது அல்ல, முத்துசெல்வி."

"நீங்க பேருக்காகச் சண்ட போட்டீயளே, அந்தக் கல்லுல இப்ப யாரு பேரும் தெரியல. மேல இருக்கதும் தெரியல, கீழ இருக்கதும் தெரியல. ஈ மொய்ச்சுக் கெடக்கு. வந்து பாத்தீயளா?"

"நான் வீட்டில் ஜன்னலை அடைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்குத் தெரியாதா?"

"ஒங்களுக்கு அடைக்க ஜன்னல் இருக்கு."

நான் அப்போது எழுந்தேன் என்று சுயம்பு ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். எழுந்தேன்தான். நெடுநேரம் உட்கார்ந்ததில் கால் மரத்துப்போயிருந்தது. வாசற்படிவரை போனேன் என்கிறான். கால் மரத்துப்போனால் நாலடி நடந்தால்தானே சரியாகும்? கதவருகே போனபோது உள்ளே எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். எட்டாவது வார்டுக்காரர் என் நாற்காலியிலிருந்த பிளாஸ்க்கை அவசரமாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பின்வரிசையிலிருந்து யாரோ மெல்லச் சொன்னார்கள், "வந்துட்டாங்கய்யா, சொன்னேன்லா?" என்று. ஒரு சிரிப்பு. பெரிய சிரிப்பல்ல. ஒரே ஒருவர், வாயைப் பொத்திக்கொண்டு.

உங்களுக்கு இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். முப்பது ஆண்டு வகுப்பெடுத்தவளுக்கு எந்தச் சிரிப்பு எதற்கென்று தெரியும். அந்த வாசலில் காலை வைத்தால், அதுவரை நான் வாசித்த ஒவ்வொரு தாளுக்கும் அந்தச் சிரிப்பு வந்து சேரும். திரும்பினேன். கால் சரியாகிவிட்டிருந்தது. வந்து உட்கார்ந்தேன்.

வேதமாணிக்கம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு உள்ளே போனார்.

வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவாக ஏழு கை. எதிராக ஏழு கை. தங்கத்துரை எழுந்து நின்றான். "வாக்கு சமமா இருக்கு" என்றான். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அந்தக் காலத்தில் அவன் வெளியே நின்றான், நான் உள்ளே நின்றேன். இதே மாதிரிதான் பார்த்துக்கொள்வோம். அவன் எனக்கு நேரம் கொடுத்தான் தம்பி, அதை நான் மறுக்கவில்லை. கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தான், தண்ணீர் குடித்தான், டம்ளரைக் கீழே வைத்தான். நான் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் அவன்தான் எடுத்தான்.

"தலைவரோட வாக்கு எதிரா. பழைய தீர்மானம் தொடரும்."

முத்துசெல்வி அழுவாள், ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் பதில் வைத்திருந்தேன். அவள் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். "சொன்ன சொல்லுல இருக்கீய. சரி. இருங்க" என்றாள். போய்விட்டாள்.

அதற்கு அடுத்த பொருள்தான் உங்கள் பொருள். "மன்றக் கூட்டங்களின்போது வெளியில் அமரும் உறுப்பினரின் வசதிக்காக மரத்தடி இருக்கைக்குத் தகரக் கூரை அமைத்தல்." மழைக்காலம் வருகிறது, டீச்சர் நனையக் கூடாது என்று தங்கத்துரையே கொண்டுவந்தான். வேதமாணிக்கம் உட்படப் பதினான்கு பேரும் கை தூக்கினார்கள். அந்த மன்றத்தில் இரண்டு ஆண்டில் ஒருவர்கூட முணுமுணுக்காமல் நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான். ஓர் உறுப்பினருக்கு இவ்வளவு மதிப்பு வேறெந்தப் பேரூராட்சியில் கொடுத்திருக்கிறார்கள், சொல்லுங்கள்.

ஆகவே கூரை. விளங்கிற்றா?

மெல்லிய தகரம் வேண்டாம். மழை பெய்தால் உள்ளே பேசுவது கேட்காது. கனமானதாக, துருப்பிடிக்காததாகப் போடுங்கள். எனக்கு இன்னும் மூன்று ஆண்டு பதவிக்காலம் இருக்கிறது. கம்பத்தைத் தரையில் ஆழமாகப் பதியுங்கள். ஜன்னல் பக்கம் அப்படியே திறந்து இருக்கட்டும். பொருள் வாசிப்பது கேட்க வேண்டும்.

அந்தப் பக்கமா? சாலைப் பக்கமா? அதை அடைத்துவிடுங்கள். மேலிருந்து கீழ்வரை தகரத்தால் அடைத்துவிடுங்கள். காலையில் அந்த வழியாக ஆள் போக்குவரத்து அதிகம். ஓடைத்தெருக்காரர்கள் பிள்ளைகளை இப்போது பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப்புறம் இருக்கிற அங்கன்வாடிக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். வண்டி நடமாட்டம் வேறு. அவர்கள் போவதும் வருவதும்... அதனால் ஒன்றுமில்லை. வெயில். முகத்தில் நேராக அடிக்கிறது. வெயிலுக்காகத்தான் சொல்கிறேன்.

என்ன?

அது வடக்கா?

வடக்கிலிருந்து வெயில் வராது என்பது எனக்கும் தெரியும் தம்பி. அடையுங்கள்.